வீங்கினால் சகஜமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வார மருத்துவப் பக்கம் படித்தேன். "டிரிப்ஸ் ஏற்றும் கையில் லேசான வீக்கம், எரிச்சல் எல்லாம் சகஜம், பயப்படத் தேவையில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். அவர் கையில் யாரும் வென்பிளான், அதாவது டிரிப்ஸ் ஏற்ற நரம்பில் செருகியே வைக்கிற ஊசி, போட்டதில்லை போலிருக்கிறது. நன்றாக இருக்கட்டும்.

போன ஐப்பசியில் என் வீட்டுக்காரருக்கு நிமோனியா. பக்கத்தில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரவு பதினோரு மணி. நரம்பு கிடைக்கவில்லை என்று மூன்று இடத்தில் குத்திவிட்டு, கடைசியில் வலது மணிக்கட்டு மடிகிற இடத்திலேயே பச்சை மூடி வைத்த பெரிய ஊசியைச் செருகினார்கள். வலது கையால் சாப்பிடுகிற மனுஷர். ஒட்டிய பிளாஸ்திரியில் தேதி எழுதவில்லை.

மூன்றாம் நாள் எரிகிறது என்றார். வந்த பெண் குழாயைத் திருகிப் பார்த்து, "ஓடுதுல்ல தாத்தா, அப்புறம் என்ன?" என்று போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அத்தனை கட்டிலுக்கும் அவள் ஒருத்திதான். நான்காம் நாள் மருந்தை மாத்திரையாக மாற்றினார்கள். ஊசியை எடுக்கவில்லை. கேட்டால், "எதுக்கும் இருக்கட்டும்மா." எதுக்கோ இரண்டு நாள் இருந்தது. ஆறாம் நாள் காலை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு சிவப்புக் கோடு. தொட்டுப் பார்த்தேன், உள்ளே நரம்பு சணல் கயிறு மாதிரி விறைத்துக் கிடந்தது. ஊசியை உருவியதும் சீழ் வந்தது. விட்டுப்போன காய்ச்சல் திரும்பியது. அதற்கு மருந்து ஏற்ற இடது கையில் இன்னொரு ஊசி. பில்லில் இரண்டையும் மறக்காமல் போட்டிருந்தார்கள்.

என் தங்கை மகள் இங்கிலாந்தில் நர்ஸ். போனில் அழுதபோது அவள்தான் சொன்னாள். ஒவ்வொரு ஷிப்ட்டிலும் ஊசி போட்ட இடத்தைப் பார்த்து 0 முதல் 5 வரை மார்க் எழுத வேண்டுமாம். வலி, சிவப்பு, வீக்கம் மூன்றில் இரண்டு இருந்தாலே மார்க் 2. ஊசியை எடுத்துவிட வேண்டியதுதான். முப்பத்திரண்டு வருஷம் பேப்பர் திருத்திய எனக்கு, மார்க் ஏற ஏற ஃபெயில் என்கிற கணக்கு புதிது. ஆனால் தங்கள் கட்டுரையாளர் சகஜம் என்கிறாரே, அது அந்த 2 மார்க்தான்.

மூன்று நாளுக்கொரு முறை மாற்றினால் எந்தத் தொந்தரவும் வராது என்றும் அதே கட்டுரையில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 3,283 பேரிடம் இதைச் சோதித்து 2012இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். கணக்கு வைத்து மாற்றியவர்களிலும், தேவைப்பட்டபோது மட்டும் மாற்றியவர்களிலும் நூற்றுக்கு 7 பேருக்கு நரம்பு வீங்கியது. நாட்களை எண்ணினால் மட்டும் போதாது, தினமும் பார்க்க வேண்டும். வேலை முடிந்த ஊசியை எடுத்துவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2024இல் கை நரம்பு ஊசிகளுக்கென்றே வழிகாட்டி வெளியிட்டது தாங்கள் அறியாததல்ல.

தங்கள் இதழை 1984 முதல் வாங்குகிறோம். அப்போதெல்லாம் வாசகர் கேள்விக்கு டாக்டரே பதில் எழுதுவார். இப்போது பாதிப் பக்கம் ஆஸ்பத்திரி விளம்பரம், மீதிப் பாதியில் பயப்படாதீர்கள் என்று கட்டுரை. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றே நம்புகிறேன். சர்க்கரை நோயாளியின் கால் புண் பற்றிச் சென்ற ஆண்டு நான் எழுதிய கடிதம் வரவில்லை. மார்கழிக் கோலத்தைப் பற்றி எழுதியது மட்டும் வந்தது, அதிலும் ஊர்ப் பெயர் தப்பு. போகட்டும்.

பயப்பட வேண்டாம் என்று அச்சில் படித்தவர்கள் நர்ஸைக் கூப்பிடக் கூச்சப்படுவார்கள். நானே கூச்சப்பட்டேன். என் வீட்டுக்காரர் இன்றும் டம்ளரைத் தூக்கும்போது முகம் சுளிக்கிறார்.

ஆகவே அடுத்த இதழில் ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள். ஊசி போட்ட இடம் வலித்தாலோ, சிவந்தாலோ, வீங்கினாலோ, பிளாஸ்திரி நனைந்தாலோ உடனே சொல்லுங்கள். மருந்து நின்ற பிறகும் ஊசி இருந்தால் ஏன் என்று கேளுங்கள். இவ்வளவுதான். தங்க விலை போடுகிற கட்டம் அளவு இடம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மயிலாடுதுறை. (இந்த முறையாவது ஊர்ப் பெயரைச் சரியாகப் போடவும்.)