பேண்டு வாத்தியக் கலைஞர்கள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, முகூர்த்த ஊர்வலத்தை முடித்த கையோடு யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்து உட்கார்ந்திருக்கும் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். நிர்வாகக் குழு எட்டு முறை கூடியது. அதில் ஒரு தடவை கூட்டம் நடத்தப் போதிய ஆள் (கோரம்) சேராமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். நம் மூத்த கிளாரினெட் கலைஞர் ஒருவரை இந்த ஆண்டு இழந்தோம். அவர் அடக்கத்துக்கு ஊரிலுள்ள எல்லா செட்டும் கூலி பேசாமல் வந்து வாசித்தது. சங்கத்து யூஃபோனியம் என்ற பெரிய பித்தளை ஊதுவாத்தியத்தை ரிப்பேருக்குக் கொடுத்த இடத்தில் மூன்றாவது வால்வை இன்னும் இறுக்கித் திருப்பித் தந்தார்கள். கடைசியில் நம் ஆள் ஒருவர்தான் அதைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டுச் சரிசெய்தார்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதில் ‘ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் பெட்டி இரண்டு’ என்று ஒரு செலவு வரும். யூனிஃபார்ம் தைக்கப் பணமில்லை என்கிற சங்கத்துக்கு மைக்செட் எதற்கு என்று யாராவது எழுந்து கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆடி மாதம் நமக்கு அட்வான்ஸ் வராத மாதம். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வாத்தியம் பழகவரும் பையன்களையும் சேர்த்து உட்காரவைத்து, எங்காவது நடந்த ஒரு பேண்டுப் பள்ளியின் கதையைச் சொல்வது என்று குழு முடிவு செய்தது. வேலை என் தலையில் விழுந்தது. ஜமைக்காத் தீவில், கிங்ஸ்டன் நகரில் சவுத் கேம்ப் சாலையில் உள்ள ஆல்ஃபா பாய்ஸ் ஸ்கூலையும், அங்கே 64 ஆண்டுகள் இருந்த சிஸ்டர் மேரி இக்னேஷியஸ் டேவிஸையும் எடுத்துக்கொண்டேன்.

1880இல் ஜெஸ்ஸி ரிப்போல் என்ற பெண்மணி அங்கே ஓர் அனாதை இல்லத்தைத் தொடங்கினார். 1890இல் லண்டன் பெர்மண்ட்சியிலிருந்து மெர்சி சபைக் கன்னியர்கள் வந்து சேர்ந்தார்கள். ரிப்போலும் அந்தச் சபையிலேயே சேர்ந்து சிஸ்டர் ஆகிவிட்டார். வீட்டில் வைத்துக் காப்பாற்ற முடியாத பிள்ளைகள், பள்ளிக்கு மட்டம்போட்டுத் தெருவில் பிடிபட்ட பிள்ளைகள் எல்லாம் பையன்கள் பள்ளிக்கு வந்தார்கள். தையல், செருப்பு, தச்சு, அச்சு, தோட்டவேலை கற்றுக்கொடுத்தார்கள். கூடவே பேண்டு. முதலில் டிரம்மும் ஃபைஃப் குழலும் மட்டும். 1908இல் அங்கிருந்த கத்தோலிக்க ஆயர் பித்தளை வாத்தியங்கள் வாங்கிக் கொடுத்தார்.

“அனாதை இல்லத்துல பேண்டு எதுக்குண்ணே?” என்று ஒரு பையன் கேட்டான். பட்டாளத்துக்கு என்றேன். மேற்கிந்திய ரெஜிமென்ட் பேண்டுக்கும் ஜமைக்கா மிலிட்டரி பேண்டுக்கும் ஆள் வேண்டியிருந்தது. பின்னாளில் ஓட்டல்களுக்கும் நடன அரங்குகளுக்கும் ஆள் வேண்டியிருந்தது. ஊசி பிடிக்கத் தெரிந்தவன் தையற்கடைக்குப் போனான், ஊதத் தெரிந்தவன் பேண்டுக்குப் போனான். வாத்தியம் அங்கே சோறு போடுகிற தொழிலாகத்தான் நுழைந்தது. இதைச் சொன்னபோது பெரியவர்கள் வரிசையில் ஒருவர்கூடத் தலையாட்டாமல் இல்லை.

சிஸ்டர் இக்னேஷியஸ் 1921இல் இன்ஸ்வுட் என்ற ஊரில் பிறந்தவர். ஆல்ஃபாவின் பெண்கள் பள்ளியில்தான் படித்தார். கன்னியராகச் சேர்ந்து 1939இல் பையன்கள் பக்கம் வந்தவர், 2003 பிப்ரவரி 9 அன்று 81 வயதில் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். இடமாற்றம், பதவி உயர்வு என்று எங்கும் போகவில்லை. பையன்களோடு கிரிக்கெட்டும் கால்பந்தும் ஆடினார், குத்துச்சண்டைகூடப் பழக்கினார் என்கிறார்கள். அங்கி அணிந்த கன்னியர் கையுறை மாட்டி நிற்பதை நினைத்துப் பார்த்து நம் பையன்கள் சிரித்த சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது.

நோட்டு பார்த்து வாசிக்கக் கற்றுத்தரப் பேண்டு மாஸ்டர்கள் இருந்தார்கள். ரூபன் டெல்காடோ ஒருவர். அங்கேயே பழகி வளர்ந்து மாஸ்டரான லெனி ஹிபர்ட் இன்னொருவர். சிஸ்டர் செய்தது வேறு. அவர் பையன்களைக் கேட்கவைத்தார். ஜாஸ், புளூஸ், லத்தீன் அமெரிக்க இசை, ஐரோப்பியச் செவ்வியல் இசை என்று இசைத்தட்டுகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தார். நம்மூரில் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் மைக்செட் கட்டுவதுபோல, கிங்ஸ்டனில் 1950களில் ஆளுயரப் பெட்டிகளைத் தெருவில் அடுக்கி ஆடவைப்பார்கள். அதற்கு ‘சவுண்ட் சிஸ்டம்’ என்று பெயர். ‘மட் அண்ட் ஜெஃப்’ என்ற பெயரில் தொழிலில் ஓடிக்கொண்டிருந்த அப்படி ஒரு செட்டையே சிஸ்டர் பள்ளிக்கு வாங்கிவைத்தார். சனிக்கிழமைகளில் தானே தட்டுப் போட்டார். தேவாலயத்துக்கு வெளியே ஒலிக்கிற பாட்டு பாவம் என்று ஒதுக்காத ஒருவரிடம் அந்தப் பையன்கள் வளர்ந்தார்கள். நான் படித்த விடுதியில் சினிமாப் பாட்டை விசிலடித்ததற்காக முட்டி போட்டிருக்கிறேன். அதனால் இந்த இடத்தில் எனக்குக் குரல் கொஞ்சம் மாறியது உண்மை.

அங்கிருந்து வெளியே வந்தவர்களைப் பாருங்கள். ஜமைக்கா 1962இல் சுதந்திரம் பெற்றது. அந்தக் காலத்தில் அங்கே பிறந்த இசை ‘ஸ்கா’. பின்னால் அதே தீவில் வந்த ரெகே இசைக்கு முன்னோடி. 1964இல் சேர்ந்த ஸ்கடலைட்ஸ் குழுவைத் தொடங்கியவர்களில் டாமி மெக்குக், டான் டிரம்மண்ட், ஜானி ‘டிஸ்ஸி’ மூர், லெஸ்டர் ஸ்டெர்லிங் ஆகிய நான்கு பேர் ஆல்ஃபா பையன்கள். டிராம்போன் என்ற, குழாயை இழுத்து ஊதும் பித்தளை வாத்தியத்தை வாசித்த ரிக்கோ ரோட்ரிகஸும் ஆல்ஃபாதான். பெரிய பையன் டிரம்மண்ட் சின்னப் பையன் ரிக்கோவுக்குச் சொல்லிக்கொடுத்தான். ஆல்ஃபாவில் படித்த ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர் ஜோ ஹேரியட் லண்டன் போய், கல்கத்தாவில் பிறந்த ஜான் மேயரோடு 1960களில் சேர்ந்து சித்தாரும் தபலாவும் தம்பூராவும் கலந்து வாசித்தார். இதைக் கேட்டதும் நம் தலைவர் பின்னால் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஸ்கா என்றால் என்ன என்று வாயால் சொன்னால் விளங்காது. நம் சைடு டிரம் தோழர் எழுந்தார். “ஒண்ணு ரெண்டு மூணு நாலு எண்ணுங்கடா” என்றார். பையன்கள் தொடையில் தட்டி எண்ண, இவர் ஒவ்வொரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவிலிருக்கும் சந்தில் குச்சியைப் போட்டார். ஒன்று, டக், இரண்டு, டக். முதலில் பாதிப்பேர் அவர் அடிக்கு இழுபட்டு எண்ணிக்கையை விட்டார்கள். நான்காவது சுற்றில் பிடித்துக்கொண்டார்கள். அந்த டக்கில்தான் அங்கே பியானோவும் கிதாரும் விழும், பித்தளை வாத்தியங்கள் அதன்மேல் மிதக்கும். கல்யாணப் பாட்டு ஒன்றை அப்படியே மாற்றி வாசித்துப் பார்த்தோம். பக்கத்து வீட்டு அம்மா வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்.

டிரம்மண்டின் முடிவைப் பையன்கள் முன்னால் சொல்லலாமா என்று குழுவுக்குள் வாக்குவாதம் இருந்தது. அவருக்கு மனநோய் இருந்தது. 1965 ஜனவரித் தொடக்கத்தில் உடன் வாழ்ந்த நடனக் கலைஞர் மார்கரிட்டாவைக் கொன்றார். 1969இல் பெல்வியூ மனநல மருத்துவமனையில் இறந்தார். பையன்களில் மூத்தவனுக்குப் பதினாறு வயது. நான் சொன்னேன். மார்கரிட்டாவின் பெயரைச் சொல்லாமல் டிரம்மண்டின் டிராம்போனை மட்டும் புகழ்வது எனக்கு ஒப்பவில்லை. பொருளாளருக்கு இன்றும் இதில் என்மேல் வருத்தம் உண்டு. அதையும் அறிக்கையில் பதிவு செய்கிறேன்.

பிறகு டிரம்மண்ட் வாசித்ததைக் கேட்கவைக்க என் செல்போனை எடுத்தேன். முப்பது பேர், மேலே தகரக் கூரை, அதில் மழை. அந்த டிராம்போன் செல்போன் ஸ்பீக்கரில் கொசு மாதிரி வந்தது. “இவ்ளோதானா?” என்றான் யூஃபோனியம் பழகும் சின்னவன். அவன் மேல் தப்பில்லை.

மறுவாரமே ஊரில் மைக்செட் தொழிலை விட்டுவிட்ட ஒருவரிடம் ஆம்ப்ளிஃபையரையும் இரண்டு பெட்டியையும் பேசி வாங்கினோம். பொருளாளரின் கணக்கில் வரும் செலவு இதுதான். இப்போது மாதத்தின் கடைசி சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கேட்கும் கூட்டம் நடக்கிறது. வாத்தியத்தை உறையிலிருந்து எடுக்கக்கூடாது, கேட்க மட்டும்தான் வேண்டும். பெரியவர் ஒருவர் ஒரு பாட்டு, பையன் ஒருவன் ஒரு பாட்டு. இதுவரை ஆறு கூட்டம் நடந்தது. கடைசிக் கூட்டத்துக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள், அன்று முகூர்த்த நாள்.

ஆல்ஃபாவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: 2014இல் விடுதியை மூடிவிட்டார்கள். ஆல்ஃபா இன்ஸ்டிட்யூட் என்ற பெயரில் பகல்நேரப் பள்ளியாக நடக்கிறது. இசைப் பயிற்சி தொடர்கிறது.

இன்னும் இரண்டு விஷயம். பதினொரு பேருக்குச் சந்தா பாக்கி இருக்கிறது, பெயர்ப் பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கிறது. மாதா தேர்பவனிக்கு எடுத்துப்போன சங்கத்து டிரம்பெட் ஒன்று மவுத்பீஸ் இல்லாமல் திரும்பி வந்தது. எடுத்தவர் யாரென்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். வரும் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவந்து ஸ்பீக்கர் பெட்டி மேல் வைத்துவிட்டால் போதும்.

இப்படிக்கு,
செயலாளர்