காலண்டரில் ஒரு வட்டம்

மதுரை
1 மார்ச் 2026

அன்புள்ள செந்திலுக்கு,

நேற்று வீடியோ காலில் நீ இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டதை முதலில் கவனித்தது அம்மாதான். "ஏன்டா பீச்சாங்கையால திங்கிற" என்று அவள் கேட்ட பிறகுதானே கார் பட்டு விழுந்ததையும், ஆபரேஷன் செய்து வலது மணிக்கட்டில் பிளேட் வைத்திருப்பதையும் சொன்னாய். பதினாறு நாள் மறைத்திருக்கிறாய். அதற்கான திட்டை அம்மா பார்த்துக்கொள்வாள். நான் எழுதுவது வேறு விஷயம்.

நேற்று நீ "என் தப்புதாம்ப்பா, விடுங்க" என்று மூன்று தடவை சொன்னாய். அந்தக் கார்க்காரரிடமும் அதையே சொல்லிவிட்டு, சாரியும் கேட்டுவிட்டு வந்தாயாம். அடிபட்டவன் சாரி கேட்பது உன் தாத்தா காலத்திலிருந்து நம் வீட்டு வழக்கம்.

நான் வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தா. 1989லிருந்து முப்பத்தொரு வருடம் விபத்துக் கேஸ் கட்டுகளோடு கோர்ட் படி ஏறி இறங்கியவன். எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து நஷ்ட ஈட்டு மனு) நம்பரைச் சொன்னால் பாதி கேஸ் இன்னும் நினைவுக்கு வரும். அமெரிக்கக் கோர்ட்டை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் சட்டப்பிரிவைப் படிக்கத் தெரியும். நீ நேற்று போனை வைத்ததிலிருந்து கலிஃபோர்னியா சட்டத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

நீ சொன்னதை என் பாணியில் எழுதிப் பார்த்தேன். பிப்ரவரி 12, வியாழன் காலை. சான் ஹோசேயில் ரயில் ஸ்டேஷனுக்கு நடைபாதையில் ஸ்கேட்போர்டில், அந்தச் சக்கரப் பலகையில், போகிறாய். கடையின் பார்க்கிங்கிலிருந்து ஒரு கார் நடைபாதையைக் குறுக்கே கடந்து வெளியே வருகிறது. நீ ஒதுங்குகிறாய். மரத்தின் வேர் தூக்கி விட்டிருந்த சிமென்ட் பாளத்தில் முன்சக்கரம் இடிக்கிறது, காரின் பம்பர் உன் பலகை மேல் படுகிறது, நீ கையை ஊன்றி விழுகிறாய். இதில் உன் தப்பு எங்கே இருக்கிறது? வேகமாகப் போனாய் என்கிறாய். சரி, இருக்கட்டும். அங்கேயே வருகிறேன்.

அந்த ஊர் வாகனச் சட்டம் 467ஆம் பிரிவின்படி, சைக்கிளைத் தவிர மனித பலத்தால் நகரும் எதில் போகிறவனும் பாதசாரிதான். அதாவது பலகையில் நிற்கும் நீயும் நடந்து போகிறவனும் ஒன்று. 21952ஆம் பிரிவு, நடைபாதையைக் கடக்கிற வண்டி அங்கே வருகிற பாதசாரிக்கு முதலில் வழிவிட வேண்டும் என்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டு, சாரி கேட்க வேண்டியவர் யார் என்று நீயே சொல். ஒன்று மட்டும் பார்த்துக்கொள். நடைபாதையில் ஸ்கேட்போர்டு ஓட்டக் கூடாது என்று தெருவுக்குத் தெரு விதி போட நகராட்சிக்கு அதிகாரம் உண்டு. உன் தெருவில் அப்படிப் போர்டு ஏதும் நட்டிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்.

அப்புறம் உன் வேகம். 1975இல் ஒரு டாக்சி கம்பெனி வழக்கில் கலிஃபோர்னியா சுப்ரீம் கோர்ட் பழைய வழக்கத்தையே மாற்றிவிட்டது. அதற்கு முன் அடிபட்டவன் மேல் துளி தப்பு இருந்தாலும் ஒரு பைசா கிடைக்காது. அதற்குப் பிறகு, அவன் தப்பு எத்தனை சதவீதமோ அத்தனை சதவீதம் மட்டும் நஷ்ட ஈட்டில் கழியும். உன் மேல் முப்பது சதவீதம் என்று வைத்தாலும் எழுபது உனக்குத்தான். நம் ஊர் விபத்து நஷ்ட ஈட்டு ட்ரிப்யூனலிலும் இதே கணக்குதான். நான் சேர்ந்த புதிதில் என் சீனியர் சொல்லுவார், கட்சிக்காரர் வாயைத் திறந்தால் பத்து சதவீதம் போச்சு என்று. நீ ஏற்கெனவே திறந்துவிட்டாய். இனி யாரிடமும் அதைச் சொல்லாதே.

முக்கியமாக அந்த இன்சூரன்ஸ் கம்பெனி ஆளிடம். ரொம்ப அன்பாகப் பேசினார், கை எப்படி இருக்கிறது என்று இரண்டு தடவை விசாரித்தார், பதிவு செய்யட்டுமா என்று கேட்டார் என்றாய். அவர் கேட்டே ஆக வேண்டும், இரு தரப்பும் சம்மதிக்காமல் பேச்சைப் பதிவு செய்வது அந்த மாநிலத்தில் குற்றம். உனக்குச் சம்மதமில்லை என்று சொல்ல உரிமை இருக்கிறது. உன் பாலிசி கம்பெனி கேட்டால் அது வேறு, எதிராளி கம்பெனிக்கு நீ வாக்குமூலம் தர வேண்டிய கட்டாயம் இல்லை.

செக் அனுப்புகிறேன் என்றாரே, அதற்கு வருகிறேன். 1998இல் எங்கள் ஆபீசுக்கு ஒரு கொத்தனார் வந்தார். வேன் இடித்து மணிக்கட்டு முறிந்திருந்தது. வேன் முதலாளி வீடு தேடிப் போய்ப் பழம், பிஸ்கட், எட்டாயிரம் ரூபாய் கொடுத்து, 'இனி எந்தப் பாக்கியும் இல்லை' என்று எழுதி வாங்கியிருந்தார். எலும்பு கூடிவிட்டது. ஆனால் கை திரும்பவில்லை, கரண்டி பிடித்துச் சாந்து அள்ள முடியவில்லை. அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு எதிர்த்தரப்பு வக்கீல் எங்களை என்ன பாடு படுத்தினார் தெரியுமா? நீ தட்டுவது கீபோர்டு என்பதால் உனக்கு ஆகாது என்று நினைக்காதே. பிளேட் வைத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. கை எவ்வளவு திரும்பும் என்று டாக்டரே இன்னும் சொல்லவில்லை. அதற்குள் 'முழுப் பைசல்' தாளில் கையெழுத்துப் போடாதே.

இன்னொன்று, அந்தக் காருக்கு எவ்வளவு இன்சூரன்ஸ் என்று கேட்டாயா? கலிஃபோர்னியாவில் ஒருவருக்குக் காயம் என்றால் குறைந்தபட்ச கவர் வெகுகாலம் 15,000 டாலராகவே இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் 30,000 ஆக்கியிருக்கிறார்கள். உங்கள் ஊர் ஆபரேஷன் பில்லுக்கு அது எந்த மூலைக்கு? அதனால் உன் கார் பாலிசியை எடுத்துப் பார். எதிராளிக்கு இன்சூரன்ஸ் இல்லாவிட்டாலோ பற்றாவிட்டாலோ கைகொடுக்கிற பகுதி ஒன்று இருக்கலாம். காரில் இல்லாமல் தெருவில் நின்று அடிபட்டாலும் அது செல்லும். லிமிட் எவ்வளவு என்று எழுது.

இனிதான் நான் ராத்திரி தூங்காத விஷயம். அந்த மேடு தட்டிய சிமென்ட் பாளம்.

சான் ஹோசேயில் நடைபாதையை ஒட்டிய இடத்துக்காரர்தான் அதைச் சரியாக வைத்திருக்க வேண்டும், இல்லாமல் யாராவது விழுந்தால் பொறுப்பும் அவருடையது என்று நகர விதியே இருக்கிறது. அது செல்லும் என்று 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் அதனால் நகராட்சியின் பொறுப்பு கழன்றுவிடாது. ஆக கார்க்காரர், இடத்துக்காரர், நகராட்சி என்று மூன்று எதிர்மனுதாரர்கள். முதல் இருவர் மேல் வழக்குப் போட உனக்கு இரண்டு வருடம், அதாவது 2028 பிப்ரவரி வரை. நகராட்சி மேல் என்றால் ஆறே மாதம். கோர்ட்டுக்குப் போகும் முன் நகராட்சியின் சிட்டி கிளார்க் என்ற அதிகாரியிடம் எழுத்தில் கோரிக்கை கொடுத்தாக வேண்டும். அவர்களுக்குப் பதில் சொல்ல 45 நாள். எழுத்தில் நிராகரித்தால் அந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வழக்கு. எல்லாரும் இரண்டு வருடம் இருக்கிறது என்று உட்கார்ந்துவிட்டு இதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

எனக்கு உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் ஞாபகம் வந்துவிட்டார். புருஷன் பஸ் அடித்து இறந்து ஒரு வருடமும் சில நாட்களும் கழித்துத்தான் எங்கள் ஆபீஸ் படி ஏறினார். அப்போது நம் சட்டத்திலும் ஆறு மாதம்தான் கெடு. காரணம் சொன்னால் ஒரு வருடம் வரை மன்னிப்பார்கள், அதற்கு மேல் ஒரு நாள்கூட முடியாது. சீனியர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். 1994இல் அந்தக் கெடுவையே எடுத்தார்கள், 2022 ஏப்ரலில் ஆறு மாதத்தை மறுபடி கொண்டுவந்தார்கள். உங்கள் ஊரிலும் ஆறு மாதம் தவறினால் ஒரு வருடத்துக்குள் காரணம் சொல்லித் தாமத மனு போட வழி உண்டு. ஆனால் அதை நம்பி இருக்காதே. சமையலறைக் காலண்டரில் ஆகஸ்ட் 12ஐ வட்டம் போட்டிருக்கிறேன். கேஸ் சிலிண்டருக்கா என்று அம்மா கேட்டாள்.

உன் வழக்கில் சிக்கல் இல்லாமலும் இல்லை. சின்ன மேடு பள்ளத்துக்கெல்லாம் நகராட்சி பொறுப்பல்ல என்று அங்கே சட்டமே இருக்கிறது. அதனால் நாளைக்கே போய், பாளத்தின் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடு. நான்கு பக்கமிருந்தும் எடு. புகார் போனால் சிமென்ட் பூசிவிடுவார்கள், அப்புறம் அளக்க ஒன்றும் இருக்காது. கடை வாசலில் கேமரா இருந்தால் அந்தக் காலைப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி எழுத்தில் கேள். பதினேழு நாள் போய்விட்டது, இன்னும் இருந்தால் உன் அதிர்ஷ்டம்.

எதிர்த்தரப்பு எப்படி வரும் என்பதையும் சொல்கிறேன். ஸ்கேட்போர்டு என்றாலே விழுகிற விளையாட்டு, தெரிந்துதானே ஏறினான் என்பார்கள். 1992இல் விளையாட்டில் கூடவே இருக்கிற ஆபத்துக்கு யாரும் பொறுப்பில்லை என்று கலிஃபோர்னியா சுப்ரீம் கோர்ட் ஒரு அமெரிக்க ஃபுட்பால் வழக்கில் சொன்னதைப் பிடித்துக்கொள்வார்கள். மாமத் லேக்ஸ் என்ற மலை ஊரில் ஒரு பையன் இறக்கத்தில் வேகமாகப் போகும்போது, சாக்கடை மூடியைச் சுற்றிய சிமென்ட் வளையத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே இருந்த சின்ன இடைவெளியில் சக்கரம் சிக்கி விழுந்து இறந்தான். குடும்பம் போட்ட வழக்கு 2016இல் நிற்கவில்லை. அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது இரண்டு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

ஆனால் 2004இல் சான்டா பார்பரா பக்கம் ஒரு சின்னப் பெண் வீட்டுப் பகுதி நடைபாதையில் ஸ்கூட்டர் தள்ளி ஓட்டும்போது மேட்டில் இடித்து விழுந்தாள். அதை அப்படிப்பட்ட விளையாட்டாக எடுக்க முடியாது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். நீ எந்தப் பக்கம் நிற்கிறாய் என்பதில்தான் கேஸே இருக்கிறது. வித்தை காட்டப் போனாயா, வேலைக்குப் போனாயா? நீ வேலைக்குத்தான் போனாய், முதுகில் பையில் லேப்டாப் இருந்தது. அதை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல் தேதி போட்டு எழுதி வை. ஸ்கேட் பார்க்கில் பல்டி அடித்து விழுந்திருந்தால் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன். அங்கே நகராட்சியைக் காக்கத் தனிச் சட்டம் இருக்கிறது.

விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நீ சுற்றி வளைத்துக் கேட்டதும் புரிந்தது. காயத்துக்கான சிவில் வழக்கில் உன் குடியேற்ற நிலையைச் சாட்சியமாக எடுக்கவும் கூடாது, அதைப் பற்றித் துருவவும் கூடாது என்று கலிஃபோர்னியா சாட்சியச் சட்டம் 351.2 சொல்கிறது. எண்ணைக் குறித்துக்கொள், வக்கீலிடம் அதையும் கேள்.

வக்கீல் வைத்தாக வேண்டும், அது தள்ளிப் போடுகிற வேலையில்லை. ஜெயித்தால் பங்கு என்றுதான் அங்கே பேசுவார்கள். நம் ஊரில் பார் கவுன்சில் விதிப்படி அப்படிப் பேசக் கூடாது (பேசாதவர் எத்தனை பேர் என்று என்னைக் கேட்காதே). அங்கே அந்த ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்தான ஒரு காப்பி உன் கைக்கு வர வேண்டும், சதவீதம் பேரம் பேசக்கூடியது என்று அதிலேயே எழுதியிருக்க வேண்டும். ஆகவே பேரம் பேசு. செலவைக் கழித்த பிறகு சதவீதமா, கழிக்கும் முன்பா என்றும் கேள். உன் ஹெல்த் இன்சூரன்ஸ் கட்டிய பணத்தை அவர்கள் திருப்பிக் கேட்பார்கள், அதையும் கணக்கில் வை. ஆஸ்பத்திரிக்கே ஆள் அனுப்பிக் கேஸ் பிடிப்பது அங்கேயும் குற்றம்தான். அப்படி யாராவது கார்டு நீட்டியிருந்தால் அவரை விட்டுவிடு.

ஆஸ்பத்திரி ரெக்கார்ட், எக்ஸ்ரே, பில், பிசியோதெரபி சீட்டு, லீவு போட்ட நாள் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். போலீஸ் வந்திருந்தால் ரிப்போர்ட் காப்பி. தினமும் எது முடியவில்லை என்று ஒரு வரி எழுது. சட்டைப் பட்டன், பல் விளக்குவது, எதுவானாலும். இடது கையில் எழுதினால் கோணலாகத்தான் வரும், பரவாயில்லை.

கடைசியாக அந்தப் பலகை. குப்பையில் போடு என்று அம்மா நேற்று சொன்னாளே, போட்டுவிடாதே. சக்கரத்தில் சிமென்ட் உரசிய தடம் இருக்கும், பம்பர் பட்ட இடமும் இருக்கும். துடைக்காமல், ஓட்டாமல், ஒரு பையில் சுற்றி அலமாரி மேல் வை. அது நம் தரப்புச் சான்றுப் பொருள்.

அம்மாவிடம் நீ அதை நேற்று ராத்திரியே தூக்கிப் போட்டுவிட்டாய் என்று சொல்லியிருக்கிறேன்.

அப்பா