சிப் விளம்பரத்தின் பொடி எழுத்தும் தமிழில் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிச் சேர்க்கை தொடங்கினாலே நாளிதழ்களில் லேப்டாப் விளம்பரங்கள் அரைப் பக்கம், முழுப் பக்கம் என்று வந்துவிடுகின்றன. அவற்றில் பல, லேப்டாப்பைவிட உள்ளே இருக்கும் சிப்பை, அதாவது பிராசஸரைத்தான் விற்கின்றன. "4.6 கிகாஹெர்ட்ஸ் வரை", "போட்டியாளரைவிட இத்தனை மடங்கு வேகம்" என்று தமிழில் கொட்டை எழுத்து. பக்கத்தின் அடியில் நட்சத்திரக் குறி போட்டு, நிபந்தனை மட்டும் ஆங்கிலத்தில், பூதக்கண்ணாடி கேட்கும் அளவில். வாங்குபவர் படிக்க வேண்டியதே அந்த நிபந்தனையைத்தான்.

"வரை" என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். இன்டெல் கோர் ஐ5-1335யூ சிப்பில் பத்து கோர், அதாவது கணக்குப் போடும் தனித்தனி அலகு. அதில் இரண்டுதான் பெரியவை, 4.6 கிகாஹெர்ட்ஸ் என்பது அவை கொஞ்ச நேரம் தொட்டுவிட்டுத் திரும்பும் உச்சம். மீதி எட்டும் சிறியவை, அவற்றின் உச்சம் 3.4 கிகாஹெர்ட்ஸ். அடிப்படை மின்செலவு 15 வாட், டர்போவில், அதாவது வேகத்தை உச்சத்துக்கு ஏற்றும்போது, 55 வாட் வரை இழுக்கும். அந்த 55 வாட் சூட்டை ஒரு மெல்லிய லேப்டாப்பின் ஒற்றை ஃபேன் தொடர்ந்து வெளியேற்ற முடியாது. சில பத்து விநாடிகளில் வாட் இறங்கும், கூடவே வேகமும் இறங்கும். எங்கே இறக்கி நிறுத்துவது என்பதை லேப்டாப் தயாரிப்பாளர்தான் செட் செய்கிறார். அதனால்தான் ஒரே சிப் போட்ட இரண்டு மாடல்கள், பத்து நிமிட வீடியோ ரெண்டரில் வெவ்வேறு நேரம் எடுக்கின்றன.

ரேமிலும் ஒரு சங்கதி உண்டு. விளம்பரத்தில் "ஐரிஸ் எக்ஸ்இ கிராஃபிக்ஸ்" என்று, சிப்புக்குள்ளேயே இருக்கும் படம் காட்டும் பகுதியின் பெயரைப் போட்டிருக்கும். வீட்டுக்கு வந்து டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் "யுஹெச்டி கிராஃபிக்ஸ்" என்று காட்டும். சிப்பை மாற்றி ஏமாற்றிவிட்டார்கள் என்று பலர் கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறார்கள். சிப் அதேதான். ரேம் டூயல் சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு வழியில், ஓடினால்தான் ஐரிஸ் எக்ஸ்இ என்ற பெயரே வரும். விலையைக் குறைக்க ஒற்றை 8 ஜிபி குச்சி போட்டு விற்பதால் வரும் வினை இது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி என்று போனால், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று தெரியும். இரண்டில் ஒன்று காலி என்றால், அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி போட்டால் போதும். ரேமை போர்டோடு சால்டர் செய்த மாடலில் காலி ஸ்லாட் இல்லாவிட்டால் அந்த வழியும் இல்லை.

கிகாஹெர்ட்ஸ் சண்டை 2000-லேயே உச்சத்துக்குப் போய்விட்டது. அந்த மார்ச் 6 அன்று இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டி 1 கிகாஹெர்ட்ஸ் அத்லான் சிப்பை அறிவித்தது; இரண்டே நாளில் இன்டெல் தன் 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-ஐ அறிவித்தது. அவசரத்தில் விட்ட 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலைக் கம்பைல் செய்யும்போது தடுமாறியது. ஆகஸ்டிலேயே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அடுத்து வந்த பென்டியம் 4-ல் பைப்லைன், அதாவது ஒரு கட்டளை படிப்படியாகக் கடக்கும் பாதை, 20 கட்டம். கட்டம் கூடினால் கிகாஹெர்ட்ஸை ஏற்றுவது சுலபம். ஆனால் கிளை ஊகம், அதாவது அடுத்து எந்தக் கட்டளை வரும் என்ற சிப்பின் முன்கணிப்பு, ஒருமுறை தப்பினால் பாதி வேலையைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். அதனால் 1.5 கிகாஹெர்ட்ஸ் என்று வந்த சிப், சில சோதனைகளில் பழைய 1 கிகாஹெர்ட்ஸ் சிப்பிடமே தோற்றது. ஏஎம்டி 2001-ல் எதிர்த்துச் செய்தது என்ன? 1.53 கிகாஹெர்ட்ஸில் ஓடும் சிப்புக்கு "1800+" என்று பெயர் வைத்தது. தன் பழைய அத்லானோடு ஒப்பிட்ட எண் என்றுதான் சொன்னது. கடைத்தெருவில் எல்லோரும் அதை 1.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-க்குச் சமம் என்றே படித்தார்கள். அப்படிப் படிக்க வேண்டும் என்றுதான் வைத்தார்கள்.

இன்று அந்தச் சண்டை மாடல் எண்ணுக்கு மாறியிருக்கிறது. ஏஎம்டியின் ரைசன் 5 7520யூ என்று பார்த்தால் 7000 வரிசை, புதுசு என்று தோன்றும். முதல் இலக்கம் ஆண்டு வரிசையைத்தான் சொல்கிறது. உள்ளே இருக்கும் கட்டமைப்பு மூன்றாவது இலக்கத்தில்: 2 என்றால் ஜென் 2, அதாவது 2019-ல் அறிமுகமானது. 7540யூ என்றால் ஜென் 4. இலக்கம் ஒன்றுதான் வித்தியாசம், தலைமுறையோ இரண்டு தள்ளி. இதை 2023 டிசம்பரில் இன்டெல் பொதுவில் வைத்துக் கிண்டலடித்தது, பிறகு அந்தக் கிண்டலைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டது. அடுத்த மாதமே "கோர் 5 120யூ" என்று புதுப் பெயரில் அது ஒரு சிப் கொண்டுவந்தது. அதுவும் மேலே சொன்ன 1335யூவின் அதே ராப்டர் லேக் கட்டமைப்பு, அதே இரண்டு பெரிய கோரும் எட்டு சிறிய கோரும்! பிறரைச் சொல்ல வாய் இருந்தால் மட்டும் போதுமா?

ஒப்பீட்டு விளம்பரத்தில் கேட்க வேண்டிய கேள்வி, எதிராளியின் சிப்பை எந்த நிலையில் ஓட்டினார்கள் என்பது. 2018 அக்டோபரில், இன்டெல் பணம் கொடுத்துச் செய்வித்த சோதனையில் ஏஎம்டியின் ரைசன் 7 2700எக்ஸை "கேம் மோட்" போட்டு ஓட்டினார்கள். அந்த மோட் எட்டு கோரில் நான்கை அணைத்துவிடும். கூலரும் சமமில்லை: இன்டெலுக்கு நாக்டுவா நிறுவனத்தின் பெரிய கூலர், ஏஎம்டிக்குப் பெட்டியோடு வந்தது. கூச்சல் எழுந்து மறுசோதனை செய்தபோது இடைவெளி சுருங்கியது. எண் எதுவும் பொய் இல்லை, சோதனை நிலைதான் கோணல். அந்த நிலை எழுதப்படும் இடம் அடிக்குறிப்பு.

ஒப்பீட்டு விளம்பரமே கூடாது என்பது எங்கள் வாதமில்லை. சட்டமும் அதைத் தடுக்கவில்லை. ஆனால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, விளம்பரத்தில் உரிமை கோரும் வாசகம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் நிபந்தனைக் குறிப்பும் இருக்க வேண்டும். தமிழில் "மடங்கு வேகம்" என்றால் அடிக்குறிப்பும் தமிழில்தான் வர வேண்டும்.

உங்கள் விளம்பரப் பிரிவுக்கு ஒரு வேண்டுகோள். சிப் பற்றிய விளம்பரம் வாங்கும்போது "கோர் ஐ5", "ரைசன் 5" என்று விட்டுவிடாமல், கடைசி எழுத்து வரை முழு மாடல் எண்ணைக் கேளுங்கள். ரேம் ஒரு குச்சியா இரண்டா, சோதனை எத்தனை வாட்டில், எந்த எதிராளி மாடலோடு என்பதையும் கேளுங்கள். நான்கு வரி இடம் போதும், தமிழில்.

இப்படிக்கு,
கணினி வன்பொருள் பழுது பார்ப்போர் சிலர்,
மதுரை.