மண்டபக் குழு அண்ணன்மாருக்கு: அந்தப் படத்த முழுசா போட விடுங்க

தலைவர் அண்ணே, செயலாளர் அண்ணே, மத்த பொறுப்பாளருங்க எல்லாருக்கும் வணக்கம்.

அன்னைக்கி ராத்திரி மண்டபத்துல என்னா நடந்துச்சுன்னு உங்களுக்கும் தெரியும் எங்களுக்கும் தெரியும், அத திரும்ப ஆரம்பத்துலருந்து சொல்லிக்கிட்டு இருக்கப் போறதில்ல. நாங்க கேக்குறது ஒண்ணே ஒண்ணு. மகளிர் தினத்துக்கு நாங்க போட்டு, நீங்க மெயின் சுவிட்ச அணைச்சு பாதியில நிறுத்துனீங்களே அந்த மலையாளப் படம், 'தி கிரேட் இந்தியன் கிச்சன்', அத மறுபடியும் அதே மண்டபத்துல முதல்லருந்து கடைசி வரைக்கும் போட அனுமதி குடுங்க. மன்னிப்பு கின்னிப்பு எல்லாம் வேணாம். படம் மட்டும் போதும்.

மறுநாளு வாட்சாப் குரூப்புல நீங்க போட்ட அறிக்கைய எல்லாரும் படிச்சோம். இனிமே குடும்பப் பண்பாட்டுக்கு ஏத்த படத்துக்கு மட்டும்தான் மண்டபம் குடுப்பீங்களாம். சரிண்ணே. போன தீவாளிக்கு இதே மேடையில போட்ட படத்துல ஹீரோ இடைவேளைக்குள்ளயே ஒரு லாரி நெறைய ஆளுங்கள வெட்டி சாய்ச்சாரு, வேணாம் வேணாம்னு சொல்ற பொண்ணு பின்னாடியே பாட்டு பாடிக்கிட்டு சுத்துனாரு, அப்ப முன்வரிசையில உக்காந்து விசில் அடிச்சது யாருன்னு நான் பேரு சொல்லணுமா. அன்னைக்கி பண்பாடு எங்க போயிருந்துச்சு, பசியாறப் போயிருந்துச்சா? படத்த வெட்டுறதுக்குன்னே இந்த மலேசியாவுல உள்துறை அமைச்சுக்கு கீழ லெம்பாகா பெனாபிசான் பிலெம்னு ஒரு தணிக்கை வாரியம் இருக்கு, சுங்கை சிப்புட்ல நம்ம தாமான் குடியிருப்புக்குன்னு தனியா ஒரு கிளை தொறந்தது எங்களுக்குத் தெரியாமப் போச்சு.

மகளிர் தினத்துக்கு ஏதாச்சும் பண்ணுங்கம்மான்னு சொன்னதே நீங்கதான். வருஷா வருஷம் என்னா நடக்கும், கோலப் போட்டி, சமையல் போட்டி. பொம்பளைங்க தினத்துல பொம்பளைங்கள சமைக்க வச்சு நீங்க ருசி பாத்து மார்க் போடுவீங்க, அப்புறம் அந்தப் பாத்திரத்த கழுவுறதும் நாங்கதான். இந்த வருஷம் அடுப்பு பத்த வைக்காம ஒரு படம் பாப்போம்னு முடிவு பண்ணோம். என்னா படம்னு கேட்டீங்க, சமையக்கட்டுப் படம்னு சொன்னோம், செயலாளர் அண்ணே சிரிச்ச முகத்தோட சாவிய குடுத்தாரு. சமையல் குறிப்புன்னு நெனச்சாரோ என்னமோ.

படத்தப் பத்தி குரூப்புல கண்டபடி எழுதுறாங்க, அதுக்காக கொஞ்சம் சொல்லிடுறேன். கல்யாணமாகி வந்த பொண்ணு ஒண்ணு புருஷன் வீட்டு சமையக்கட்டுலயே நாள் பூரா உழைக்கிற கதை, ஜியோ பேபின்னு ஒரு டைரக்டர் எடுத்தது, 2021 ஜனவரியில வந்துச்சு. பெரிய ஓடிடிக்காரங்க முதல்ல வாங்கல, நீஸ்ட்ரீம்னு ஒரு சின்ன மலையாளத் தளத்துலதான் வந்துச்சு, அப்புறம் அந்த வருஷமே கேரள அரசோட சிறந்த படம் விருது வாங்குச்சு. 2023ல தமிழ்லயும் ஐஸ்வர்யா ராஜேஷ வச்சு எடுத்தாங்க. தமிழே இருக்க ஏன் மலையாளத்த போட்டீங்கன்னு பொருளாளர் அண்ணே கேட்டாரு. அண்ணே, அதுல பாதி நேரம் காய் நறுக்குற சத்தமும் பாத்திரம் தேய்க்கிற சத்தமும்தான், அது புரிய எந்த பாஷ தெரியணும்? அந்தக் காலத்துல ரப்பர் தோட்டத்துல கணக்கு எழுதுன கிராணிமாருங்க நெறைய பேரு மலையாளிங்கதான, பழைய ஆளுங்களுக்கு கொஞ்சம் காதுல விழுந்த பாஷதான்.

சரி, ஜனங்க என்னா சொன்னாங்கன்னு பாருங்க, ஏன்னா நீங்க அறிக்கையில எல்லாரும் முகம் சுளிச்சாங்கன்னு எழுதியிருக்கீங்க. பொய்யிண்ணே. நான் பின்னாடி கதவு பக்கம் நின்னுக்கிட்டு படத்த விட ஜனங்களத்தான் அதிகமா பாத்தேன்.

ரப்பர் பால்மரம் வெட்டி ரிட்டயர் ஆன பாட்டி ஒண்ணு முதல் அரை மணி நேரம் படத்த கிண்டல் பண்ணிக்கிட்டே இருந்துச்சு. நான் விடியக்காலம் சோறாக்கி வச்சுட்டு, புள்ளைய ஆயா பாத்துக்குற ஆயக்கொட்டகையில போட்டுட்டு, ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்கு ஓடி, மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோருல நிறுத்துக் குடுத்துட்டு, வந்து திரும்பவும் சோறாக்குனேன், இவளுக்கு வீட்டு வேல மட்டும்தானே அதுக்கே மூஞ்ச தூக்கி வச்சிருக்கான்னு. நியாயம்தான, அந்த நடிகைக்கு வெட்டுக்காடு தெரியுமா கொசுக்கடி தெரியுமா. அப்புறம் மாமனாருக்கு மாமியாரு பல்லு விளக்குற ப்ரஷ்ல பேஸ்ட் வச்சு கையில கொண்டு போய் குடுக்குற இடம் வந்துச்சு. பாட்டி கிண்டல நிறுத்திடுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு பக்கத்துல இருந்த மருமககிட்ட, எங்க காலத்துல ஏது ப்ரஷ்ஷு, கரித்தூளுதான், அத பொடிச்சு கையில குடுத்தது நாந்தான்னு சொல்லுச்சு. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுச்சு, ஆனா அதுக்கப்புறம் வாயே தொறக்கல.

என் வயசுக்காரி ஒருத்தி, கிளவ்ஸ் ஃபேக்டரியில ஒண்ணா ஷிப்ட் பாக்குறவ, அவளுக்கு செம கோவம். குடும்பத்த பிரிக்கிறதுக்குன்னே எடுத்த படம், புருஷன் நல்லவனா இருக்குற வீட்டுலயும் சந்தேகம் வந்துரும்னு என்கிட்டயே சண்டைக்கு வந்தா. கல்யாணமாகி கொஞ்ச மாசம் ஆன பொண்ணு ஒண்ணு எழுந்து வெளிய போயி வாசல்ல நின்னுச்சு, ஏன்மான்னு கேட்டதுக்கு போன் வந்துச்சுக்கான்னு சொல்லுச்சு, கையில போனே இல்ல. படுக்கை அறை காட்சியில பையனுங்க கெக்கெக்கேன்னு சிரிச்சானுங்க, அந்தப் பொண்ணு ஒரு வார்த்த கேட்டதுக்கு புருஷன் குத்திக்காட்டி பேசுறான் பாருங்க, அங்க சிரிப்பு அப்படியே அடங்குச்சு.

இதுல எது முகச்சுளிப்பு? ஆளுக்கு ஒரு மாதிரி பாத்தாங்க. மண்டபம் முழுக்க முணுமுணுப்பு, வாக்குவாதம், நடுவுல சிரிப்பு. நம்ம ஆண்டுக் கூட்டத்துல கூட இவ்ளோ பேரு முழிச்சுக்கிட்டு இருந்து நான் பாத்ததில்ல.

இப்ப சிங்க்கு விஷயத்துக்கு வரேன், உங்களுக்கு கோவம் வந்தது அங்கதான்னு எனக்குத் தெரியும். படத்துல சிங்க்குக்கு அடியில பைப்பு ஒழுகும், அந்தப் பொண்ணு புருஷன்கிட்ட ப்ளம்பர கூப்பிடுங்கன்னு சொல்லிக்கிட்டே இருப்பா, அவன் மறந்துட்டேன் மறந்துட்டேன்னே சொல்லுவான். செம்பனை லாரி ஓட்டுற தம்பி, ஏய் இந்த ஆளு ஒரு ப்ளம்பர கூப்பிட்டிருந்தா படமே முடிஞ்சிருக்கும்லான்னு கத்துனான், எல்லாரும் சிரிச்சோம். அப்பதான் பொம்பளைங்க பக்கத்துலருந்து ஒரு குரலு, நம்ம மண்டபத்து சிங்க்குதான்டா அதுன்னு. கூரை பிச்சுக்கிட்டு போற மாதிரி சிரிப்பு. தலைவர் அண்ணே, நீங்க மட்டும் சிரிக்கல.

அண்ணே, நீங்க அந்த சமையக்கட்டுக்குள்ள வந்து எவ்ளோ காலமாச்சு? திருவிழா அன்னதானம், காரியம், கல்யாணம், எதுவா இருந்தாலும் நீங்க பந்தியில சாம்பார் ஊத்துறதோட முடிஞ்சுது, போட்டோவும் எடுத்தாச்சு. அதுக்கப்புறம் உள்ள என்னா நடக்குதுன்னு சொல்றேன். சிங்க்குக்கு அடியில வளைஞ்சு போற பைப்பு கழண்டு தொங்குது, பழைய சைக்கிள் டியூப்ப கிழிச்சு சுத்தி கட்டி வச்சிருக்கோம், அதுக்கு அடியில ஒரு பெயிண்ட் வாளி. ரெண்டு சட்டி கழுவுனா வாளி நெறஞ்சுரும். ஒருத்தி கழுவ ஒருத்தி வாளிய தூக்கிட்டு பின்பக்கம் லொங்கான் சாக்கடைக்கு ஓடணும், ஊத்திட்டு வர்றதுக்குள்ள தரையெல்லாம் தண்ணி, அதுல சோத்துப் பருக்கையும் மொளகாத் தோலும் மிதக்கும், புடவ ஓரம் ஊறி கால்ல ஒட்டிக்கிட்டு அந்த புளிச்ச வாட வீட்டுக்கு வந்து குளிச்சாலும் போகாது. அண்டாவெல்லாம் உள்ள கழுவவே முடியாது, வெளிய சிமெண்டுத் தரையில குந்திக்கிட்டு கழுவுறோம், மழ பேஞ்சா குடைய புடிச்சுக்கிட்டு. போன திருவிழாவுல ஒரு அக்கா வழுக்கி விழுந்து மணிக்கட்டுல மாவுக்கட்டு போட்டாங்களே, பழம் வாங்கிட்டு போயி பாத்தீங்க, நல்லது, ஆனா வழுக்குன இடத்த வந்து பாக்கல. ஒவ்வொரு கூட்டத்துலயும் சொல்றோம், செயலாளர் அண்ணே நோட்டுல எழுதிக்கிறாரு. மேடைக்கு புது கலர் லைட்டு வந்துருச்சு, பொறுப்பாளருங்க முகம் எல்லாம் போட்டு வாசல்ல பேனர் வந்துருச்சு, ஒரு பிளாஸ்டிக் பைப்பு வரல. அதனாலதான் சிரிச்சோம். உங்கள அவமானப்படுத்த சிரிக்கல. ஆனா படத்த நிறுத்துனா பைப்பு ஒழுகுறது நின்னுருமா சொல்லுங்க.

கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிக்கணும். படத்துக்கே வரேன்.

சாமி விஷயத்த தொட்டதாலதான் நிறுத்துனோம்னு சொல்றீங்க. 2018ல இந்திய உச்ச நீதிமன்றம் எல்லா வயசுப் பொண்ணுங்களும் சபரிமலைக்குப் போலாம்னு தீர்ப்பு குடுத்துச்சு, கேரளாவுல பெரிய போராட்டமே நடந்துச்சு, படத்துல வர்ற பின்னணி அதுதான். மாலை போட்ட புருஷன் ஸ்கூட்டர்லருந்து விழுறான், மாதவிலக்குல தூரமா இருக்குற பொண்டாட்டி பதறிப்போய் தூக்க வர்றா, தொட்டுட்டாளேன்னு அவன் எரிஞ்சு விழுறான். அந்த இடத்துலதான் சுவிட்ச அணைச்சீங்க. நம்ம ஊர்ல மாலை போடுற சாமிமாருங்க இருக்காங்க, அவங்களுக்கு மனசு கஷ்டமா இருந்திருக்கும், எனக்குப் புரியுது. எங்க வீட்டுலயும் மாலை போட்டிருக்காங்க, அந்த விரதச் சாப்பாட்ட ஆக்கிப் போட்டவ நான். ஒரு பெரியவரு, நிறைய தடவ மலைக்குப் போனவரு, அந்தக் காட்சி வந்தப்ப சத்தமில்லாம எழுந்து செருப்ப மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாரு. அவருக்குப் பிடிக்கல, அவரு போனாரு. அவர நான் மதிக்கிறேன். நீங்க எங்க எல்லாருக்கும் சேத்து இருட்டாக்கிட்டீங்க. நம்ம தோட்டத்த காப்பாத்துற மாரியம்மாவும் பொம்பளதான், அவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா.

எனக்கு தாங்கவே முடியாதது எதுன்னா, ஒரு மணி நேரத்துக்கு மேல அந்தப் பொண்ணு இடிக்கிறா, அரைக்கிறா, துணி தொவைக்கிறா, ஆம்பளைங்க மேசையில துப்பிப் போட்ட முருங்கக்கா சக்கைய கையால வழிச்சு எடுக்குறா, யாரும் ஒண்ணும் சொல்லல, நீங்க கச்சான் கடலை கொறிச்சுக்கிட்டு பாத்தீங்க. அவ இடுப்பு ஒடிஞ்ச வரைக்கும் பண்பாடு கெடல. அவ நிமிர்ந்து நிக்கப் போற நேரத்துல கெட்டுப்போச்சு. மொத்தப் படமே 100 நிமிஷம்தாண்ணே, கஷ்டப்படுற பாகத்த எல்லாம் போட விட்டுட்டு அதுக்கு அவ என்னா பதில் சொன்னாங்குற பாகத்த மட்டும் நிறுத்தி வச்சிருக்கீங்க.

இந்த மாதிரி சண்ட ஒண்ணும் புதுசு இல்ல. 1973ல பாலசந்தரோட 'அரங்கேற்றம்' வந்தப்ப எவ்ளோ எதிர்ப்பு, 1978ல ருத்ரையா எடுத்த 'அவள் அப்படித்தான்' முதல்ல ஓடவே இல்ல, இன்னைக்கி ரெண்டையும் தூக்கி வச்சு பேசுறாங்க. அதுவும் விடுங்க, நம்ம மண்டபத்து சுவத்துல நேதாஜி படம் மாட்டி வச்சிருக்கீங்களே, 1943ல அவரு சிங்கப்பூர்ல ஜான்சி ராணி படை ஆரம்பிச்சப்ப இந்த மலாயா ரப்பர் தோட்டத்துலருந்து பொண்ணுங்க போயி கேப்டன் லட்சுமிக்கு கீழ துப்பாக்கி புடிச்சாங்க. அந்தப் படத்துக்கு வருஷா வருஷம் மாலை போட்டுட்டு, அதுக்கு நேரா கீழ நின்னு சுவிட்ச அணைக்கிறீங்க.

எனக்கும் அந்தப் படத்து மேல குறை இருக்கு, இல்லன்னு சொல்லல. அந்தப் பொண்ணுக்கு டான்ஸ் தெரியும், போறதுக்கு அம்மா வீடு இருக்கு. மலிவு விலை ஃபிளாட்டுல மாமியாரோட இருக்குற, சம்பளம் புருஷன் கையில போற பொண்ணு எங்க போவா? படம் அத பேசல. ஆம்பளைங்க எல்லாரையும் ஒரே மாதிரி காட்டிட்டாங்கன்னும் தோணுது. இத எல்லாம் படம் முடிஞ்சதும் லைட்ட போட்டு தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு பேசலாம்னுதான் திட்டம் போட்டிருந்தோம். திட்டுறவங்களும் வந்து திட்டட்டும், ஃபேக்டரிக்காரிக்குத்தான் முதல் மைக்குன்னு சொல்லிட்டேன். ஆனா முழுசா பாத்துட்டு திட்டணும்ல.

நான் போன்ல முன்னாடியே பாத்தவ, அதனால எனக்காக கேக்கல. சந்தையில பாக்குற பாட்டிமாருங்க எல்லாம், அப்புறம் அந்தப் புள்ள என்னா ஆனான்னு கேக்குறாங்க. கதைய நான் வாயால சொல்லிரலாம், ஆனா அத கண்ணால பாக்கணும்ணே. ஈப்போவுக்குப் போயி தியேட்டர்ல பாக்குற வசதியோ, நெட்டுல தேடிப் பாக்குற பழக்கமோ அவங்களுக்கு இல்ல, இருக்குறது இந்த ஒரு மண்டபம்தான். அதுவும் ஊரே கூடி வேல செஞ்ச கோத்தோங் ரோயோங்ல கல்லு மண்ணு சுமந்து கட்டுனவங்கதான அவங்க.

அதனால மறுபடியும் பணிவா கேக்குறோம். அந்தப் படத்த மண்டபத்துல முழுசா போட அனுமதி குடுங்க. சின்னப் புள்ளைங்கள கூட்டிட்டு வர வேணாம்னு முன்கூட்டியே சொல்லிடுறோம். சாமி காட்சி வர்றதுக்கு முன்னாடி அறிவிப்பு குடுக்கிறோம், வெளிய போறவங்க போலாம், வாசல்ல நாற்காலி போட்டு வைக்கிறோம். ப்ரொஜெக்டர் எங்களுது, கரண்டு காசு நாங்க கட்டுறோம், கூட்டிப் பெருக்கிக் குடுக்குறதும் வழக்கம்போல நாங்கதான். போன தடவ கட்டுன 100 வெள்ளி முன்பணம் இன்னும் உங்ககிட்டதான் இருக்கு, திருப்பித் தர வேணாம், அத அப்படியே இதுக்கு வச்சுக்குங்க. இல்லன்னா அந்தக் காசுல பைப்பு வாங்குங்க, அதுக்கும் எங்களுக்கு சம்மதம்தான்.

அடுத்த மாசம் ஏதாச்சும் ஒரு ஞாயித்துக்கிழம ராத்திரி, கோயில் பூசை முடிஞ்ச பிறகு. என்னா தேதின்னும், சாவிய யாருகிட்ட வாங்கணும்னும் மட்டும் குரூப்புல போடுங்கண்ணே.

இப்படிக்கு,
படத்துக்கு நாற்காலி அடுக்குன பொம்பளைங்க சார்பா, அவங்கள்ல ஒருத்தி