மின்தூக்கிப் பலகையில் உள்ள படத்தை எடுத்துவிடுங்கள்

எங்கள் புளோக் குடியிருப்பாளர் குழுவினருக்கு,

வணக்கம். துளசித் தொட்டியின் தட்டில் தேங்கிய நீரையும் அருகில் திகைத்து நிற்கும் பாட்டியின் முகத்தையும் படமெடுத்து, ‘பொறுப்பற்றவர்கள்’ என்ற தலைப்போடு மின்தூக்கியில் ஒட்டியிருக்கிறீர்கள். தட்டில் நீர் இருந்தது உண்மை. அதற்காக முகத்தை ஒட்டும் உரிமையை உங்களுக்கு யார் தந்தார்கள்? படத்தை எடுத்துவிடுங்கள்.

டெங்கி விளையாட்டல்ல. 2020இல் நம் சிங்கப்பூரில் 35,000 பேருக்கு மேல் அந்தக் காய்ச்சல் வந்தது. அதனால்தான் தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் வீடு வீடாக வருகிறார்கள், கொசுப்புழு இருந்தால் அபராதம் விதிக்கிறார்கள். கட்டினால் கணக்கு முடிந்தது. குப்பை போடுபவர்களை ஒளிரும் மேலங்கி அணிவித்துப் பொது இடத்தைக் கூட்டவைக்கும் தண்டனை 1992இல் வந்தது. அதைக்கூட நீதிமன்றம்தான் விதிக்கிறது, இத்தனை மணி நேரம் என்று அளவும் உண்டு. நீங்கள் விதித்த தண்டனை எப்போது முடியும்?

பாட்டி இப்போது மின்தூக்கியில் ஏறுவதில்லை. மூட்டுவலியோடு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஐந்தாம் மாடியிலிருந்து படியிறங்கிச் சந்தைக்குப் போகிறார். திரும்பும்போது மாடிக்கு மாடி பையைக் கீழே வைத்துவிட்டு நிற்கிறார். துளசியைப் பிடுங்கிக் குப்பைக் குழாயில் போட்டுவிட்டார். யார் தட்டினாலும் கதவைத் திறப்பதில்லை. அடுத்த முறை சோதனைக்கு வருபவர்களுக்கு மட்டும் திறப்பாரா? பக்கத்து வீட்டார் இருவர், காய்ச்சல் வந்தால் வெளியே சொல்லவே மாட்டோம் என்கிறார்கள். கொசுவுக்கு வேறென்ன வேண்டும்!

முகத்தைக் காட்டினால்தான் புத்தி வரும் என்றால் அதையாவது முறையாகச் செய்யுங்கள். கொசு பெருகியதால் வேலையை நிறுத்தும்படி கட்டுமானத் தளங்களுக்கு உத்தரவு போகிறதே, அந்த முதலாளிகளில் எவர் முகத்தை எந்த மின்தூக்கியில் பார்த்தோம்? நம் புளோக்கின் பின்புற வடிகாலில் இலை அடைத்து நீர் நிற்கிறது. குழுத் தலைவர் அதன் அருகில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே வரட்டும்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: படத்தை எடுத்துவிடுங்கள், வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் நீக்குங்கள். தட்டில் நீர் தேங்கவிடக் கூடாது என்ற அறிவிப்பை அந்த இடத்தில் நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் ஒட்டுங்கள். இதுவரை நீங்கள் ஒட்டிய எச்சரிக்கைகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருந்தன. பாட்டிக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். இந்த வாரத்துக்குள் செய்துகொடுத்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஐந்தாம் மாடியில் வசிப்பவன்