இந்த வருஷம் படம் வரவில்லையே, பாப்பா

பாகாயம், வேலூர்.
வைகாசி முதல் வாரம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் நலம். அங்கே நீங்கள் இரண்டு பேரும் நலமா? அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, தைலம் மாற்றியிருக்கிறோம். கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது. பதினோரு மணிக்கு மேல் ஓட்டேரிப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லை. போனில் எதையும் சொல்லி முடிப்பதற்குள் "சரிப்பா, வேலை இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து டைப் அடித்து மெயிலில் போடுகிறேன். மெதுவாகப் படி.

இந்த வருஷம் நீ ஆரஞ்சு நுனி வண்ணத்துப்பூச்சி படம் அனுப்பவில்லை. போன வருஷம் ஏப்ரலில் உன் லீட்ஸ் ஊர்க் கால்வாய்க்கரையில் எடுத்து அனுப்பினாயே, கசக்கினால் பூண்டு வாசம் அடிக்கும் என்றாயே, அந்தச் செடியின் வெள்ளைப் பூமேல் இறக்கையை விரித்து உட்கார்ந்திருந்தது. அதைக் காட்பாடியில் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன். செடி காற்றில் ஆடாமல் தண்டைப் பிடித்திருக்கிற மாப்பிள்ளையின் விரல் படத்தின் ஓரத்தில் தெரியும். "சார், ஓரத்துல யாரோ கை வருது, கட் பண்ணிடட்டா?" என்று ஸ்டுடியோ பையன் கேட்டான். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் பெண் எடுத்தது என்று சொல்கிறேன். 2019-ல் தமிழ் மறவனை நம் மாநில வண்ணத்துப்பூச்சி என்று அறிவித்த அன்று போனில் நீ போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அப்படிச் சத்தம் போட்ட பெண், ஏப்ரல் முழுக்கப் போயும் ஒரு படம் அனுப்பவில்லை என்றால் நான் என்ன நினைப்பது?

படித்துப் பார்த்தேன். உன் ஊர்ப் பூச்சிக்கு வருஷத்துக்கு ஒரு தலைமுறைதானாமே. ஏப்ரலில் வெளியே வந்து ஜூன் நடுவோடு முடிந்துவிடும். ஆடி வாக்கில் கூட்டுப்புழுவாகத் தண்டில் ஒட்டிக்கொண்டால் பனி, மழை எல்லாம் கழிந்து அடுத்த ஏப்ரலில்தான் மறுபடி இறக்கை. இங்கே நம் காட்டில் அப்படி இல்லை. வருஷம் முழுக்கத் தலைமுறை மேல் தலைமுறையாக வந்துகொண்டே இருக்கும், தவறவிட்டாலும் அடுத்த மாதம் பார்க்கலாம். உனக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், வெளியே போ.

நீ அனுப்பாததால் நானே போனேன். பங்குனி கடைசியில், நீ விட்டுப்போன கேமராவை எடுத்துக்கொண்டு. லென்ஸில் பூஞ்சை பிடிக்கவில்லை, சிலிகா ஜெல் மாற்றிக்கொண்டுதான் வருகிறேன். பாலமதி மலை அடிவாரத்தில், நாம் முன்பு நெல்லிக்காய் பொறுக்கிய பாறைக்கு இந்தப் பக்கம், காரைப் புதரும் சூரைப் புதரும் அடர்ந்த இடம். நம் ஊர்ச் சின்ன ஆரஞ்சு நுனி உன் ஊர்ப் பூச்சியின் குடும்பம்தான், ஆனால் இன்னும் சிறியது. அதுவும் கோடையில் வருவது மழைக்காலத்தில் வருவதைவிடச் சிறுத்து, கறுப்பு குறைந்து வெளிறி இருக்கும். தரைக்கு ஒரு முழம் மேலே சர்ரென்று போகும், நிற்காது. முதலில் நானும் அதன் பின்னாலேயே அலைந்தேன். ஆடு மேய்க்கிறவர், "இன்னா சார், எதனா தொலைச்சிட்டியா?" என்று கேட்டு, அவரும் கூடக் கொஞ்ச தூரம் வந்தார்.

பிறகுதான் நீ எட்டாவது படிக்கும்போது சொன்னது நினைவுக்கு வந்தது. பூச்சியைத் தேடாதே அப்பா, செடியைத் தேடு. பாட்டி வயிற்றுப்பூச்சிக்கு இடித்துக் கொடுப்பாளே, அந்த விழுதிச் செடியைக் கண்டுபிடித்து வெயில் எதிரே வராதபடி உட்கார்ந்துகொண்டேன். எட்டரை மணி இருக்கும். ஒரு பெண் பூச்சி வந்தது. இலையில் இறங்கி முன்னங்கால்களால் தட்டித் தட்டிப் பார்த்தது, பிடிக்காமல் அடுத்த இலைக்குப் போனது, அங்கேயும் தட்டியது. பிறகு வயிற்றை வளைத்து, நிமிர்ந்து நிற்கிற ஒரே ஒரு முட்டை. அவ்வளவுதான், எழும்பிவிட்டது. பக்கத்தில் வெட்டுக்காயப் பூண்டுப் பூவில் போய் உட்கார்ந்து இறக்கையைப் பாதி விரித்தபோது நுனியிலுள்ள ஆரஞ்சுக்குள் கறுப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. உன் ஊரில் பெண்ணுக்கு அந்த ஆரஞ்சு கிடையாதாமே. வெறும் வெள்ளை என்று நினைத்துப் பலரும் கவனிக்காமல் போய்விடுகிறார்களாம். அடியில் பச்சைப் பூவேலை இருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியுமாம். நீ அப்படிப் போய்விடாதே, பெண்ணையும் எடு.

என் படங்கள் முதலில் எல்லாம் வெள்ளைப் பொட்டலமாக வந்தன. நம் வெயிலுக்கு வெள்ளை இறக்கை வெளுத்துப்போய் நரம்பே தெரியவில்லை. எக்ஸ்போஷரை ஒரு படி மைனஸில் இறக்கிய பிறகு நரம்பு, ஓரத்து மயிர், தூசி மாதிரியான செதில்கூட வந்தது. இறக்கைக்கு நேர் இணையாகக் கேமராவைப் பிடித்தால்தான் முழு இறக்கையும் தெளிவாக விழும், கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு முனை மங்கிவிடுகிறது. நிழல் விழாமல் முழங்காலில் நகர்ந்து போனேன். இதையெல்லாம் நீதான் எனக்குக் கற்றுக்கொடுத்தாய். அதை ஏன் விட்டாய், பாப்பா? வேலை எல்லாருக்கும்தான் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கால்வாய் வரை போக முடியாத அளவுக்கு என்ன வேலை? போன வருஷம் மட்டும் எப்படி முடிந்தது?

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. அம்மாவும் கேட்கிறாள். அவள் நேரடியாகக் கேட்கமாட்டாள், ஹால் படத்தைத் துடைக்கும்போது அந்த விரல் இருக்கிற மூலையைக் கொஞ்சம் அதிக நேரம் துடைக்கிறாள். தீபாவளிக்குப் பிறகு மாப்பிள்ளை எங்களிடம் பேசவில்லை. நீயும் கேமராவைத் திறக்காமல்தான் பேசுகிறாய். "நெட் சரியில்லப்பா" என்கிறாய். சரி, நெட் சரியில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. காலையில் வெயில் வந்தால் வெளியே போ. வெயில் இல்லாவிட்டாலும் போ, மேகம் மூடிய நாளில் அந்தப் பூச்சி பூங்கொத்திலேயே இறக்கையை மூடி உட்கார்ந்திருக்குமாம், எடுப்பது இன்னும் சுலபம். பூச்சியே கிடைக்கவில்லை என்றாலும் பூவுக்கு அடியில் காம்பைப் பார். முட்டை முதலில் வெளுப்பாக இருந்து பிறகு ஆரஞ்சாக மாறுமாம், கண்ணுக்கு நன்றாகத் தெரியும். பெரும்பாலும் ஒரு கொத்துக்கு ஒன்றுதான். இரண்டு இருந்தால் பெரிய புழு சின்னதைத் தின்றுவிடுமாம். தண்டைப் பிடிக்க ஆள் இல்லை என்றால் காற்று அடங்கும்வரை காத்திரு. படம் கலங்கி வந்தாலும் பரவாயில்லை, அனுப்பு.

என் பாஸ்போர்ட் புதுப்பித்து வந்துவிட்டது, அம்மாவுடையதும்தான். நாங்கள் வரட்டுமா என்றால் "இப்ப வேணாம்ப்பா, குளிர்" என்பாய். மே மாதத்தில் என்ன குளிர்? நீ இங்கே வருவதென்றாலும் வா. தனியாக வந்தாலும் வா. மாடி அறையை வாடகைக்குக் கேட்டார்கள், பாப்பா வருவாள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தெருவில் யார் என்ன கேட்பார்கள் என்று நீ யோசிக்காதே, அவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

வத்தல் நன்றாகக் காய்ந்துவிட்டது, மோர்மிளகாயும் ஆயிற்று. அடுத்த வாரம் பார்சல் போட வேண்டும். முகவரி பழையதுதானா, மாறியிருக்கிறதா என்று ஒரு வரி எழுது. மாறியிருந்தால் அந்தப் புது முகவரிக்கே அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா