மாணிக்கத்துக்கு, கிராக்கோவிலிருந்து

கிராக்கோவ், போலந்து,
நவம்பர் 14

அன்புள்ள மாணிக்கம்,

இரண்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. அண்ணியின் காரியத்துக்கு நான் வராததுதான் காரணம். சேதி வந்தபோது நான் இங்கே வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மகளுக்கு அப்போது மூன்றாம் மாதம். எழுந்து நடமாடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், மாப்பிள்ளையும் ஊரில் இல்லை. போனில் இதையெல்லாம் உன்னிடம் சொல்ல ஆரம்பித்தேன். நீ "சரிடா, பரவாயில்லை" என்று சொல்லி வைத்துவிட்டாய். அதற்கப்புறம் எத்தனையோ தடவை பேனாவை எடுத்தேன், அந்தப் "பரவாயில்லை"யைத் தாண்டி எழுத முடியவில்லை. என்னை மன்னித்துவிடு.

மகள் இப்போது நன்றாக இருக்கிறாள். ஏப்ரலில் பிரசவம். இந்த மாதக் கடைசியில் நான் ஊருக்கு வந்துவிட்டு ஏப்ரலில் மறுபடி இங்கே வருவேன். என் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. குளிர் ஆரம்பித்துவிட்டது, நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. சரி, இது போதும்.

எழுத உட்காரவைத்தது உன் பையன் நேற்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய பயணத்திட்டம். மே மாதம் உன்னை ஐரோப்பாவுக்கு அழைத்து வருகிறானாம். கேட்டதும் மனசு நிறைந்துபோனது. அப்புறம் திட்டத்தைப் படித்தேன். பதினோரு நாளில் ஆறு நாடு. கிராக்கோவுக்குக் காலை ஒன்பது மணி முதல் பன்னிரண்டு வரை பழைய நகரம், பிற்பகல் உப்புச் சுரங்கம், மாலையில் பஸ் புறப்பாடு. தாராசுரத்தில் ஒரே தூணின் முன்னால் மூன்று மணி நேரம் நின்று கடைசிப் பஸ்ஸையும் எனக்குச் சேர்த்து விட்டுக்கொடுத்தவன் நீ. உன்னை ஒரு ஊருக்குக் கூட்டி வந்து மூன்று மணி நேரத்தில் பஸ் ஏற்ற நினைக்கிற நிறுவனத்தை என்ன சொல்வது! பையனிடம் பேசிவிட்டேன். அவனுக்குச் சம்மதம், நீ சரி என்றால் போதும் என்கிறான். கூட்டத்தை விட்டு இறங்கி இங்கே நாலு நாள் எங்களோடு தங்கு.

அந்தத் திட்டம் செய்கிற பெரிய அநியாயம் ஒன்று உண்டு. பழைய நகரத்தின் நடுவில் ரினெக் என்கிற சதுக்கம் இருக்கிறது. 1257இல் ஊரைத் திட்டமிட்டு அமைத்தபோதே அளந்து விட்ட இடம், பக்கத்துக்கு ஏறக்குறைய 200 மீட்டர். அதன் ஓரத்தில் செங்கல்லால் கட்டிய புனித மரியாள் தேவாலயம், ஒன்றுக்கொன்று உயரம் ஒவ்வாத இரண்டு கோபுரங்களோடு. உள்ளே இருக்கிற மரப் பீடத்தை வார நாட்களில் 11:50க்குத்தான் திறக்கிறார்கள். பன்னிரண்டுக்குப் பஸ்ஸில் ஏற வேண்டியவர்கள் எங்கே பார்ப்பார்கள்? மாணிக்கம், மற்ற எதைப் பார்க்காவிட்டாலும் இதை நீ பார்த்தே ஆக வேண்டும்.

பெரிய கதவு மாதிரி இரண்டு மடிப்புகள் மூடியிருக்கும். ஒரு கன்னியாஸ்திரீ நீளமான கோலோடு வருவார். ஒரு மடிப்பைத் தள்ளுவார், அப்புறம் இன்னொன்றை. உள்ளேயிருந்து பொன்னும் நீலமும் எழும்பும். 13 மீட்டர் உயரம், 11 மீட்டர் அகலம். சட்டமெல்லாம் ஓக், உருவங்கள் லிண்டன் என்கிற மென்மையான மரம். பெரிய உருவங்கள் கிட்டத்தட்ட 2.7 மீட்டர் உயரம். காய்ந்து வெடிக்காமலிருக்கப் பின்புறத்தைக் குடைந்திருக்கிறார்களாம். நீ உன் குதிரை வாகனத்துக்கு வயிற்றைக் குடைந்தபோது ஊரே சிரித்ததே, அது உடனே ஞாபகம் வந்தது.

செய்தவர் ஃபைட் ஷ்டோஸ். இங்கே விட் ஸ்ட்வோஷ் என்பார்கள். ஜெர்மனியின் நியூரம்பெர்க்கிலிருந்து 1477இல் வந்து 1489இல் முடித்தார். பன்னிரண்டு வருஷம்! கூலி நகரத்தின் ஒரு வருட வருமானத்துக்கு நிகர் என்று சொல்கிறார்கள். நீ ஒரு கைக்குப் பதினோரு நாள் எடுத்துக்கொண்டாய் என்று கோயில் கமிட்டியில் பெரியவர் போட்ட சண்டைக்கு இதைப் பதிலாக வைத்துக்கொள்.

கையைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும். நடுவில் உள்ள காட்சி மரியாளின் மரணம். சுற்றிலும் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள். அவர் வயதான கிழவியாகப் படுத்திருக்கவில்லை. இளம்பெண்ணாக, மண்டியிட்ட நிலையிலேயே துவண்டு சாய்கிறார். ஒருவர் தாங்கிப் பிடித்திருக்கிறார். மரியாளின் இரண்டு கைகளும் மணிக்கட்டிலிருந்து தொங்குகின்றன. எலும்பு இருக்கிறது, தோல் இருக்கிறது, பிடிமானம் மட்டும் போய்விட்டது. அதை மரத்தில் எப்படிக் கொண்டுவந்தார் என்று எனக்குப் புரியவில்லை, உனக்குப் புரியும். மரியாளின் தலைக்குமேலே இன்னொருவர் விரல்களைக் கோர்த்துக்கொண்டு நிற்கிறார், என்ன செய்வதென்று தெரியாத கை. அண்ணியின் கடைசி வாரத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ நின்றதைப் பற்றி உன் பையன் சொன்னான். அதைக் கேட்ட பிறகு மறுபடி போய் அந்தக் கைகளைப் பார்த்தேன். அன்று வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

கிழ அப்போஸ்தலர்களின் கைகால்களில் நரம்பு புடைத்திருக்கிறது, தோலில் சுருக்கமும் தடிப்பும். 1930களில் தோல் நோய் மருத்துவர் ஒருவர் இந்த உருவங்களை வைத்தே எந்தெந்தத் தோல் நோய்கள் தெரிகின்றன என்று எழுதியிருக்கிறார். தெருவில் கண்ட முகங்களை அப்படியே செதுக்கியிருக்க வேண்டும்.

அப்புறம் ஸ்ட்வோஷுக்கு நடந்ததைக் கேள். 1496இல் நியூரம்பெர்க் திரும்பினார். அங்கே கொடுத்த பணத்தில் ஏமாந்து, அதை மீட்கக் கையெழுத்தும் முத்திரையும் போலியாகச் செய்து மாட்டிக்கொண்டார். 1503இல் இரண்டு கன்னத்திலும் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் குத்தினார்கள். 1533இல் இறக்கும்போது கண் ஏறக்குறையப் போயிருந்தது. அந்தக் கையால் இப்படிச் செய்தவருக்கு அந்த முடிவு! எனக்கு இன்னும் ஆறவில்லை.

பீடத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. 1939இல் போர் வரப்போகிறது என்று தெரிந்ததும் பிரித்து, பெரிய உருவங்களை விஸ்துலா ஆற்றில் படகில் ஏற்றிச் சாண்டோமியெஷ் ஊருக்கு அனுப்பி ஒளித்தார்கள். ஜெர்மானியர்கள் கண்டுபிடித்து எடுத்துப்போனார்கள், அதே நியூரம்பெர்க்குக்கு. போர் முடிந்ததும் கரோல் எஸ்ட்ரைஹெர் என்கிற கலை வரலாற்று அறிஞர் தேடிப்பிடித்து 1946இல் ரயிலில் திருப்பிக் கொண்டுவந்தார். தேவாலயத்துக்குள் மறுபடி ஏறியது 1957இல். 2015 முதல் 2021 வரை பழுது பார்த்திருக்கிறார்கள், அதனால்தான் இப்போது நிறங்கள் இவ்வளவு தெளிவு.

திறந்து பத்தாவது நிமிடம் வெளியே ஓடி வந்துவிடு. பன்னிரண்டு மணிக்குக் கோபுரத்திலிருந்து எக்காளம் ஒலிக்கும். ஹெய்னாவ் என்கிறார்கள். தீயணைப்பு வீரர்கள்தான் ஊதுகிறார்கள், ஒவ்வொரு மணிக்கும், இரவிலும், நாலு திசைக்கும். சுரம் மேலே போகிறபோது சட்டென்று நின்றுவிடும். தாத்தாரியர், அதாவது மங்கோலியர், படையெடுத்தபோது எக்காளம் ஊதி எச்சரித்தவனின் கழுத்தில் அம்பு பாய்ந்த இடமாம் அது. 1241 என்று கதை சொல்கிறது, ஆனால் கதை எழுத்தில் வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். பகல் பன்னிரண்டு மணி ஊதலை 1927 முதல் வானொலியில் நாடு முழுவதும் ஒலிபரப்புகிறார்கள். எனக்கு முதல் வாரம் அந்த நிறுத்தம் எரிச்சலாக இருந்தது. முடித்துவிட்டுப் போனால் என்ன என்று தோன்றும். இப்போது அது நிற்கிற இடத்தில் நானும் நடையை நிறுத்திவிடுகிறேன்.

உனக்காக வைத்திருக்கிற இரண்டாவது இடம் சார்தோரிஸ்கி அருங்காட்சியகம். லியொனார்டோ டாவின்சி 1490 வாக்கில் வரைந்த பெண், கையில் வெள்ளைக் கீரியைப் போல ஒரு விலங்கு. அரையடி தள்ளி நின்று அந்தக் கையைப் பார். விலங்கைத் தடவுகிறதா, பிடித்து வைக்கிறதா என்று நீதான் சொல்ல வேண்டும். அதுவும் கொள்ளை போய், பீடம் வந்த அதே ரயிலில் திரும்பிய படம். ரஃபாயெல் வரைந்த ஓர் இளைஞனின் படம் மட்டும் இன்றுவரை வரவில்லை. அதற்காகக் காலிச் சட்டம் ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

வாவெல் குன்று, அரண்மனை, அரசர்களுக்கு முடிசூட்டிய பேராலயம் எல்லாம் ஒரு காலையில் பார்த்துவிடலாம். சிகிஸ்முண்ட் மணியைப் பார்க்க ஏறு. 1520இல் வார்த்தது, பெரிய திருநாட்களில் பன்னிரண்டு பேர் சேர்ந்து கயிறு இழுப்பார்கள். குன்றின் அடியில் வாயிலிருந்து நெருப்புக் கக்குகிற டிராகன் சிலை இருக்கிறது, குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். கோப்பர்னிகஸ் படித்த பல்கலைக்கழகத்தின் பழைய முற்றமும் பக்கத்திலேயே, 1364இல் தொடங்கிய பல்கலைக்கழகம். கால் வலித்தால் பிளாண்டியில் உட்கார். கோட்டைச் சுவரை இடித்த இடத்தில் ஊரைச் சுற்றி 4 கிலோமீட்டருக்கு மரம் வைத்திருக்கிறார்கள். தள்ளுவண்டியில் எள் தூவிய முறுக்கு மாதிரி ஒரு வளைய ரொட்டி விற்பார்கள், ஒப்வஜானெக். காலையில் சூடாக வாங்க வேண்டும், மாலையில் கல்லாகிவிடும். பியெரோகி நம் கொழுக்கட்டைதான், உள்ளே உருளைக்கிழங்கும் வெண்ணெய்க்கட்டியும். உனக்கு ஒத்துக்கொள்ளும்.

உப்புச் சுரங்கத்துக்குப் போவோம், ஆனால் தனி நாளில். வியெலிச்கா, பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து 1996 வரை உப்பெடுத்த சுரங்கம். தொடக்கத்திலேயே 380 படி இறங்க வேண்டும், உன் முட்டிக்கு உறை வாங்கி வைக்கிறேன். ஏறுவது லிஃப்டில். 101 மீட்டர் ஆழத்தில் ஒரு தேவாலயம், சுவர், பீடம், சிலை, சரவிளக்கின் பரல்கள் எல்லாமே உப்பு. சுரங்கத் தொழிலாளிகளே 1896 முதல் பல பத்தாண்டுகள் செதுக்கியது. அவர்களின் உளித் தழும்பு தரையில்கூடத் தெரியும்.

இன்னொரு பக்கமும் இந்த ஊருக்கு இருக்கிறது, அதைச் சொல்லாமல் உன்னை அழைக்க முடியாது. போருக்கு முன் ஊரில் நாலில் ஒருவர் யூதர். கஜிமியெஷ் பகுதியில் ரெமு என்கிற ஜெபக்கூடம், பக்கத்தில் பழைய கல்லறைத் தோட்டம். உடைத்துப் போட்ட கல்லறைக் கற்களின் துண்டுகளைக் கொண்டே அங்கே ஒரு சுவர் எழுப்பியிருக்கிறார்கள். துண்டுகளில் எழுத்தும் சிங்கமும் தெரிகின்றன. ஆற்றைத் தாண்டினால் பொட்குஷே. 1941 மார்ச்சிலிருந்து 1943 மார்ச் வரை நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த இடம். அவர்களைக் கூட்டி நிறுத்தி வதை முகாம்களுக்கு அனுப்பிய சதுக்கத்தில் இப்போது இரும்பு நாற்காலிகள், வரிசையாக, காலியாக.

அதன் மூலையில் ஒரு மருந்துக்கடை, கழுகுச் சின்னம் போட்டது. ததேயுஷ் பான்கியெவிச் என்பவர் நடத்தினார். அவர் யூதர் அல்லர், வெளியேறியிருக்கலாம், அங்கேயே தங்கினார். கடையில் முடிச்சாயம் கொடுப்பாராம். நரைத்தவர்களை முதலில் பிடித்துப்போவார்கள், அதனால் சாயம் பூசி இளமையாகக் காட்ட. ஒளித்து வைத்த குழந்தைகள் சோதனையின்போது அழாமலிருக்கத் தூக்க மருந்து கொடுத்திருக்கிறார். இப்போது அது சின்ன அருங்காட்சியகம். இழுப்பறைகளைத் திறந்து பார்க்கலாம். நான் மூன்று இழுப்பறையோடு நிறுத்திவிட்டேன்.

ஆஷ்விட்ஸ் இங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர். 11 லட்சம் பேர் கொல்லப்பட்ட நாஜி முகாம். உன் பயணத் திட்டத்தில் அது இல்லாதது ஒருவகையில் நல்லது. அதை வேறு எதோடும் சேர்த்து ஒரே நாளில் பார்க்கக் கூடாது. நான் போய்வந்து மூன்று நாள் மகளிடம்கூட அதிகம் பேசவில்லை. நீ இப்போது இருக்கிற நிலையில் வா என்று கூப்பிட மாட்டேன். போக வேண்டும் என்று நீயே சொன்னால் உன்னோடு வருவேன்.

மாணிக்கம், உளிகளை எண்ணெய் தடவித் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டாய் என்று உன் பையன் சொன்னான். கேட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுபடி எடு என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை, வர வேண்டிய நாளில் வராதவன் நான். ஆனால் அந்தத் தொங்குகிற கைகளை நீ பார்க்க வேண்டும். நான் வாயால் சொல்லி எதுவும் ஆகாது, நீ நேரில் பார்த்துவிட்டு உனக்குத் தோன்றுவதைச் செய்.

ஞாயிற்றுக்கிழமை வழிபாடு உண்டு, அன்று சுற்றிப் பார்க்க நேரம் வேறு. அதனால் நாம் வார நாளில் போவோம். பதினொன்றரைக்கே உள்ளே போய் முன் வரிசையில் இடம் பிடிக்க வேண்டும். பக்கவாட்டு வாசலில் பார்வையாளர் சீட்டு, நான் வாங்கி வைக்கிறேன். தூரத்துப் பார்வைக்குக் கண்ணாடி மாற்றாமல் இழுத்தடிக்கிறாயே, கிளம்பும் முன் மாற்று. பாஸ்போர்ட் எதுவரை செல்லும் என்று இன்றே எடுத்துப் பார்.

புறப்படும்போது அண்ணி கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாயில் கால் பாட்டில் மீதி இருக்கிறது. உனக்கென்று மகள் எடுத்து வைத்துவிட்டாள், என்னைத் தொடவிடுவதில்லை.

நீளமாக எழுத முடியாவிட்டால் தேதியை மட்டும் அனுப்பு.

உன்,
ராகவன்